சத்யநாராயணனின் ஒரே கேள்வி

"அதெல்லாம் இருக்கட்டும் சார். உங்க பையன் எந்தக் காலேஜ்ல படிக்கிறான்?"

சத்யநாராயணன் இப்படிக் கேட்டதும், ஊரப்பாக்கம் தாண்டி இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியின் துறைத் தலைவர் கையிலிருந்த விளம்பரப் புத்தகத்தை மூடி வைத்தார். அதுவரை லேப், பிளேஸ்மென்ட், நீச்சல் குளம் என்று அளந்து கொண்டிருந்தவர்.

"அவன்... கேளம்பாக்கம் பக்கம் ஒரு காலேஜ்ல சார்."

"ரொம்ப சந்தோஷம். வரட்டுமா?"

வெளியே வந்ததும் சட்டைப்பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்து, கையிலிருந்த தாளில் அந்தக் கல்லூரியின் பெயரை அழுத்தி அடித்தார்.

"பார்த்தியா சின்மயி? ஓட்டல் நல்லதான்னு தெரிஞ்சுக்க போர்டைப் பார்க்கக் கூடாது. முதலாளி எங்க சாப்பிடறான்னு பார்க்கணும். தான் வேலை செய்யற இடத்தையே நம்பாதவன், ஊரான் பிள்ளையை மட்டும் வா வான்னு கூப்பிடறான்!"

மகள் சின்மயி பிளஸ் டூ முடித்திருந்தாள். கவுன்சிலிங் நெருங்கிவிட்டது. கல்லூரி நல்லதாகவும் இருக்க வேண்டும், கட்டணம் கையைக் கடிக்கவும் கூடாது. அவள் பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்டிக் கட்டியே அப்பாவின் சேமிப்பு கரைந்திருந்தது.

கேளம்பாக்கம் போனார்கள். அங்கே பாடம் நடத்தும் பேராசிரியரின் மகள் மேடவாக்கத்தில் படித்தாள். மேடவாக்கத்துக் கல்லூரி முதல்வரின் மகனோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊரப்பாக்கம் தாண்டிய அதே கல்லூரியில்!

"அடேங்கப்பா! பிள்ளைங்களை வெச்சு பண்டமாற்று பண்றாங்க!" என்றபடி சிவப்புப் பேனாவை மறுபடியும் திறந்தார் சத்யநாராயணன்.

கடைசியாக, தாம்பரம் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. நீரூற்று இல்லை, ஏசி ஹால் இல்லை. மிருதுளா என்ற பேராசிரியை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். சத்யநாராயணன் அதே கேள்வியை வீசினார்.

"என் பையனா? இங்கதான் சார், ரெண்டாவது வருஷம். கிளாசுக்குப் போகாம கேன்டீன்ல உட்கார்ந்திருப்பான், வேணும்னா போய்ப் பாருங்க."

சத்யநாராயணனுக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மனசு குளிர்ந்து போனது.

"ஃபீஸ்தான் மேடம் கொஞ்சம் யோசனையா இருக்கு."

"பொண்ணு கவர்மென்ட் ஸ்கூலா சார்? ஆறாவதுலேர்ந்து அங்க படிச்சிருந்தா ஏழரை சதவீத ஒதுக்கீட்டுல வரலாம். ஃபீஸ் மொத்தமும் அரசாங்கமே கட்டிடும்."

"சேச்சே, இல்ல மேடம். பிரைவேட் ஸ்கூல்தான். கவர்மென்ட் ஸ்கூல்ல எல்லாம் எப்படி நம்பி சேர்க்கறது, சொல்லுங்க?"

அப்போது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க ஒரு மாணவி உள்ளே வந்தாள். சத்யநாராயணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சார்! நல்லா கீறீங்களா சார்? நான் ஜெயஸ்ரீ! மீன் விக்கிற அங்காளம்மா பொண்ணு!"

சத்யநாராயணன் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விடவில்லை. பேராசிரியையின் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இவருதான் எங்க கவர்மென்ட் ஸ்கூல் ஹெட்மாஸ்டரு! எங்க குப்பத்துல வூடு வூடா வந்து, 'நம்ம ஸ்கூல்ல இல்லாத படிப்பு வேற எங்கம்மா கீது, என்னை நம்பி அனுப்புங்க'ன்னு சொல்லி எங்க எல்லாரையும் சேர்த்தாரு. நான் இங்க ஃபீஸே கட்டாம படிக்கிறேன்னா, அது சாராலதான்!"

மிருதுளா ரெக்கார்டு நோட்டிலிருந்து நிமிர்ந்து சத்யநாராயணனைப் பார்த்தார்.

சின்மயி அப்பாவின் சட்டைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்கப்பா, உங்க ஸ்கூல் பேரையும் அடிச்சிடுங்க."