இரண்டாவது நிழல்

"சார், உங்க நிமிஷம் முடிஞ்சு போச்சு. வெளிய வாங்க."

மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

வரிசையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பழைய தபால் நிலையத்தின் ஆறு மாடிச் சுவர்; எதிரே தரையில் ஒரு வெள்ளை வட்டம். உள்ளே போய் நின்றால் கேமரா பிடித்து, உங்கள் நிழலைச் சுவர் உயரத்துக்குக் காட்டும். கையை ஆட்டினால் விரல் நுனியிலிருந்து ஒளிப் பூக்கள் கொட்டும். ஆளுக்கு ஒரு நிமிடம். சாயங்காலமானால் ஊரே வந்து கும்மாளம் போடுகிறது.

இந்த ஐம்பது வயதுக்காரர் மட்டும் தினமும் வந்து, வலது கையை லேசாக நீட்டியபடி மரம் போல நிற்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் நின்றாலே சுவரில் பக்கத்தில் இன்னொரு நிழலும் வந்துவிடும். குள்ளமாக, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

"அது யாரு பக்கத்துல? மிஷின் அவுட்டா?"

வரிசையில் சிரிப்பு. அப்புறம் எரிச்சல்.

"அவருக்கு மட்டும் எவ்வளவு நேரம்? கேக்க ஆளில்லையா?"

ஏற்கெனவே அவள்மேல் இரண்டு புகார். மூன்றாவது போனால் வேலை போய்விடும்.

புரொஜக்டர் வண்டிக்கு ஓடினாள்.

"அண்ணே, அந்த ஆளு வந்தா மட்டும் ஏதோ பழைய நிழல் சேந்து விழுது. என்னன்னு பாருங்க."

"விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் ஆபரேட்டர், கண்ணாடியைத் துடைத்தபடி.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் பத்து நாளாகத் தெரிகிறதே. அவளே ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் மதியமே என்ஜினியர் வந்து, கம்ப்யூட்டரில் தங்கியிருந்த பழைய நிழல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தார்.

"அன்னன்னிக்கு எடுத்ததை அன்னன்னிக்கே அழிக்கணும்னு விதி இருக்கா இல்லையா?" என்று ஆபரேட்டரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆபரேட்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சோம்பேறிக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த ஐம்பது வயதுக்காரர் வந்தார். வட்டத்துக்குள் போய்க் கையை நீட்டினார். சுவரில் அவர் நிழல் மட்டும்தான் விழுந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கோளாறு இன்னிக்கு வரலையேம்மா?"

"இனிமே வராது சார். நான்தான் போன் பண்ணி சரி பண்ண வெச்சேன்."

"அப்படியா." நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். "நல்லதும்மா. பாவம், என்னால உனக்கும் தினம் பேச்சு."

நிமிடம் முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். அதன் பிறகு வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது.

"பாத்தீங்களாண்ணே, ஒரு போன்ல முடிஞ்ச வேலை" என்றாள் ஆபரேட்டரிடம்.

ஆபரேட்டர் நிமிராமலே சொன்னார்.

"தொடக்க நாள்ல அவரும் அவர் சம்சாரமும் இந்த வட்டத்துலதாம்மா கை கோத்து நின்னாங்க. நாலாம் நாள் அந்தம்மா போய்ச் சேந்துட்டாங்க. ஒரு தடவை காட்டுங்கன்னு வந்து கேட்டார். எனக்கு அழிக்க மனசு வரல. யாராவது கேட்டா கோளாறுன்னு சொல்லிக்கலாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம்."



"அந்த நிழல் வேற எங்கயும் இல்லையாண்ணே?"

"இல்லம்மா."

மறுநாள் அவர் வரும் நேரத்துக்கு, வட்டத்துக்குள் யாரையும் விடாமல் மறித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. வரிசை கூச்சல் போட்டது. ஒருவர் செல்போனை எடுத்து அங்கேயே புகார் எழுத ஆரம்பித்தார்.

எழுதட்டும் என்று நின்றாள்.

அவர்தான் வரவில்லை.