கம்பும் திருஷ்டிப் பொம்மையும்

புதிதாய்க் கான்கிரீட் போட்ட தளத்தைச் சவுக்குக் கம்பு ஒன்று முட்டுக்கொடுத்துத் தாங்கி நின்றது. அதன் காலடியில் நாய் குட்டி போட்டிருந்தது.

தளம் இறுகுவதற்குள் மேஸ்திரி வந்து, "அடுத்த சைட்டுக்குக் கம்பு வேணும், உருவுங்கடா" என்றான்.

"ஐயோ, தளம் இன்னும் பச்சையாக் கிடக்கு! குட்டிங்க நசுங்கிப்போகுமே!" என்று பதறியது கம்பு.

வாசலில் தொங்கிய திருஷ்டிப் பொம்மை நாக்கை நீட்டிச் சிரித்தது. "போடா குச்சி! நான் இருக்கறப்ப எவன் கண்ணு படும்?"

"கண்ணை நீ தடுப்பே. பாரத்தைத் தாங்கத் தோள் இருக்காடா உனக்கு?"

கம்பு கத்தக் கத்த, ஆட்கள் அதை உருவிக்கொண்டு போனார்கள்.

அடுத்த சைட்டில் வேறொரு பச்சைத் தளத்தைத் தாங்கி நின்ற கம்புக்கு, பழைய தளம் இடிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு தாய் நாயின் ஊளை.

"கண்ணு பட்டுடுச்சு" என்று தலையிலடித்துக்கொண்ட மேஸ்திரி, இங்கே இன்னும் பெரிய பொம்மையாகக் கட்டினான்.

"இனிப் பயமில்லை. உருவுங்கடா!"