சிங்கப்பூர் வானம்

"வானம் அடங்கிக் கெடக்கணும். ஆளோட மொகந்தான் எடுப்பாத் தெரியணும்," என்றார் திருவள்ளூர் போட்டோ ஸ்டுடியோ முதலாளி.

பெயிண்டர் செங்கல்வராயன் ஸ்டுடியோவின் பின்னணிப் படுதாவில் நீலத்தை வெளிறலாக அடித்து, மேகங்களை மெல்ல ஒற்றினார். ஓரிடத்தில் வெள்ளைப் பெயிண்ட் சொட்டி வழிந்துவிட்டது. அதைப் பறக்கும் கொக்காக்கிச் சமாளித்தார். பெயிண்ட் வழிந்த ஒரு கால் மட்டும் நீளமாகிவிட்டது.

அடுத்த மாதம் மகள் மங்கம்மா ஒரு போட்டோவோடு ஓடி வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன், அவள் நகைகளை விற்றுச் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய புருஷன், கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிய போட்டோ.

"சிங்கப்பூரு வானத்தப் பாரு நைனா! அவரு மொகத்த எப்டித் தூக்கிக் காட்டுது!"

போட்டோவை வாங்கியவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

மங்கம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா நைனா, அந்த ஊரு கொக்குக்கு ஒரு காலு மட்டும் இம்மாம் நீளமா?"