பதினாறாவது நிமிடச் சிரிப்பு

பதினாறாவது நிமிடத்தில் வேலைக்காரி முந்தானையை உதறினாள். அதிலிருந்து வீட்டுக்காரரின் பல்செட் விழுந்தது.

டிவிக்குள் சிரித்தார்கள். போடி ஊரில் ஒரு ஏலக்காய் குடோனில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். யாருடைய கையும் நிற்கவில்லை. பச்சைக் காய் வலப்பக்கம், வெளுத்தது இடப்பக்கம், வெடித்தது எதிரே.

மகிமா மட்டும் சிரிக்கவில்லை.

"கர்ணண்ணே, அந்த எடத்த இன்னொருக்கா போடுங்க."

மேற்பார்வை பார்க்கும் கர்ணனுக்குச் சந்தோஷம். 'கோடிவீட்டுக் குடும்பம்' அவன் சின்ன வயதில் ஒரு ஞாயிறு விடாமல் பார்த்த தொடர். இப்போது பென்டிரைவில் ஏற்றிவைத்து மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஓடவிடுவான். சிரித்தால் தூக்கம் வராது, கை ஓடும்.

"இதயெல்லாமா ஆத்தா படிக்கச் சொல்றாக? இதுக்குப் பட்டம் வேற குடுப்பாகளா?" என்று மகிமாவைக் கேட்டான்.

"குடுத்தா எனக்கும் ஒண்ணு வாங்கியா மகிமா. நான் இத நூறு வாட்டி பாத்துட்டேன்" என்றாள் பக்கத்தில் இருந்த கைருன்னிசா அக்கா. சொல்லிவிட்டு, அந்தக் காட்சி மறுபடி வந்தபோது டிவியைப் பார்க்காமல் மகிமாவின் முகத்தைப் பார்த்தாள்.

மாலை வகுப்பில் கொடுத்த வேலை அது. பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றின் ஒரு பாகத்தைத் திரும்பப் பார்த்து ஒரு பக்கம் விமர்சனம் எழுத வேண்டும். கண்டதை முதலில் எழுதுங்கள், கருத்தைப் பிறகு எழுதலாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இன்று ஆறரைக்கு எல்லார் முன்னாலும் வாசித்தாக வேண்டும்.

மகிமா கண்டதை எழுதிவைத்திருந்தாள்.

மொத்தச் சிரிப்பு நாற்பத்தொன்று. அதில் வேலைக்காரி வரும்போது மட்டும் இருபத்தாறு.

அவள் பல்செட்டைத் திருடவில்லை. அது கொடியில் காய்ந்த அவள் சேலை மடிப்புக்குள் தவறி விழுவது முதல் காட்சியிலேயே வருகிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சிரிக்கிறார்கள்.

டீ நேரத்தில் நோட்டை எடுத்து, 'தெரிந்தேதான்' என்பதை அடித்தாள். நாம் சொல்வது சரிதானா? மறுபடி எழுதினாள்.

இன்னொன்று. பதினாறாவது நிமிடத்தில் டிவிக்குள் எல்லாரும் ஒன்றாகச் சிரிக்கவில்லை. ஒரு இளம்பெண்ணின் குரல் அரை நொடி முந்திக் கிளம்புகிறது. மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு முறை கேட்டுவிட்டாள். ஆறு முறையும் அப்படித்தான்.

விமர்சனத்தின் முதல் வரி மட்டும் வரவில்லை. பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது.

ஐந்தரைக்கு வேலை முடிந்து வாசலில் வரிசை நின்றது.

வெளியே போகும் ஒவ்வொருத்தியும் கர்ணன் முன்னால் நின்று முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். சேலை கட்டாதவள் ஷாலை உதற வேண்டும். கர்ணன் வாயில் எந்நேரமும் ஒரு ஏலக்காய் மணக்கும். அவன் சட்டைப்பையை யாரும் உதறச் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே பாகம் ஓடிய ஒரு சாயங்காலம், இந்த வாசலில் சுகிர்தம் உதறியபோது ஒரு காய் விழுந்தது.

ஒரே ஒரு காய். நாளெல்லாம் காய்க்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளின் சேலையில் ஒன்று சிக்காமலா இருக்கும்? சுகிர்தம் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது. பின்னாலேயே வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் காய் பொறுக்கியவளை மறுநாள் உள்ளே விடவில்லை.

மகிமாவின் முறை வந்தது. ஷாலைக் கழுத்திலிருந்து எடுத்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"என்னத்தா இது? ஒதறு."

"ஒதற மாட்டேண்ணே."

"மொதலாளி கேமராவுல பாத்துக்கிட்டு இருக்காக. ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்தது மறந்துபோச்சா? நாளைக்கு நீயும் வெளியதான் நிப்ப."

"மறக்கல. அதான் ஒதற மாட்டேங்கிறேன்."

நாளைக்கு இந்த வேலை இல்லையென்றால் வகுப்பும் இல்லை, வீட்டில் அடுப்பும் தடுமாறும். முடிச்சிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

கர்ணன் வரிசையைப் பார்த்துச் சிரித்தான். யாராவது சேர்ந்துகொள்வார்கள் என்று கொஞ்ச நேரம் சிரித்தபடியே நின்றான்.

யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

அடுத்து நின்ற கைருன்னிசா அக்கா, உதறுவதற்காகக் கையில் எடுத்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பஸ்ஸு போயிரும் தம்பி, வழிய விடு."

மகிமா வாசலைத் தாண்டினாள்.

வகுப்புக்குப் போகும் வழியில், ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினாள். இந்த முறை பேனாவில்.

ஆறரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வாசித்தாள்.

"இந்தக் காட்சியை நான் எங்கள் குடோன் வாசலில் நேரிலும் பார்த்திருக்கிறேன். அன்று முதலில் சிரித்தவள் நான். முந்தானையை உதறியவர் என் அம்மா."