அடி வாங்கிய மூளை

டாக்டரம்மாவின் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நகக்கீறல். காய்ந்தும் காயாமலும் சிவந்து கிடந்தது. பஞ்சில் பவுடரைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பூனை," என்றார் டாக்டரம்மா, கண்ணாடியைப் பார்த்தபடியே. "கொஞ்சம் மறைச்சு விட்டுடுங்க."

பூனை நகம் இவ்வளவு அகலமாகக் கீறாது என்பது டச்சப் அக்காவுக்குத் தெரியும். அந்த அரங்கில் பேச வருகிற விஞ்ஞானிகள், கட்டட வடிவமைப்பாளர்கள், பருவநிலை நிபுணர்கள் எல்லோருக்கும் மேடையேறும் முன் பவுடர் பூசி முகம் திருத்துவது அவள்தான். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை அவளை அழைப்பதே 'டச்சப் அக்கா' என்றுதான். இன்றைக்கு வந்திருப்பவர் மூளை டாக்டர். பேச்சின் தலைப்பு, 'அடி வாங்கிய மூளை'.

கதவு திறந்தது. கைப்பையும் ஃபிளாஸ்க்கும் சுமந்துகொண்டு டாக்டரம்மாவின் கணவர் எட்டிப் பார்த்தார். ஆறடி ஆள், வாசலையே அடைத்துக்கொண்டு நின்றார். நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

பஞ்சுக்கு அடியில் டாக்டரம்மாவின் கை விறைத்ததை அக்கா உணர்ந்தாள்.

அவளுடைய தங்கையும் இப்படித்தான், கதவில் இடித்துக்கொண்டேன், குளியலறையில் வழுக்கிவிட்டது என்று கடைசிவரை ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த முகத்துக்கு அக்கா கடைசியாகப் பவுடர் பூசியது பிணவறையில்.

திரையின் மறைவில் நின்று அவள் பேச்சைக் கேட்டாள். எந்த நாடானாலும், மாளிகையோ குடிசையோ, வீட்டுக்குள் தலையில் விழும் அடி மூளையில் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்றார் டாக்டரம்மா. நரம்பு இழைகள் அறுவதையும் ஞாபகம் நழுவுவதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல விளக்கினார். பிறகு பெரிய திரையில் ஒரு மூளையின் படம் வந்தது. அங்கங்கே கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள்.

"இது யாரோட மூளைன்னு கேக்காதீங்க," என்றார். "அந்த முகத்தை நான் தினமும் பாக்குறேன்."

தன் முகத்தைத்தானே கண்ணாடியில் பார்க்கிறார் என்று முன்வரிசையில் ஒரு பெண்மணி விசும்பினாள். அடுத்த கணம் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கணவர் தட்டவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த நடையில், சுவரோரமாக, கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

அக்கா நேரே அவரிடம் போனாள். "அவங்க கையைக் கீறினது யாரு?"

அவர் கைப்பையை மாற்றிப் பிடித்தார். "நான்தான்," என்றார் தணிந்த குரலில். "வேணும்னு பண்ணலை."

தங்கையின் புருஷன் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதும் இதே வார்த்தைதான்.

சுவரில் சாய்த்திருந்த மைக் ஸ்டாண்டு எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதல் அடி தோளில் விழுந்தது. ஃபிளாஸ்க் உருண்டு வெந்நீர் நடையெல்லாம் ஓடியது. அடுத்த அடியில் காதோரம் பிய்ந்து தொங்கியது. கேட்க ஆளில்லை என்று நினைத்தாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். இரும்பு அடிப்பாகம் விலாவில் இறங்கியபோது உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. அப்போதும் கை நிற்கவில்லை.

ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அவள் எங்கேயோ போய் விழுந்திருப்பாள். அவர் கையை ஓங்கவே இல்லை. சுவர் மூலையைத் தேடிப் போய் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்து, பழகியவர்போல இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார். வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

கை ஓய்ந்து ஸ்டாண்டைக் கீழே போட்டாள். மூச்சு இரைத்தது. உள்ளே கேள்வி பதில் தொடங்கியிருந்தது; டாக்டரம்மா யாருக்கோ சிரித்தபடி பதில் சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். தரையில் சொட்டியிருந்த ரத்தத்தைக் கைக்குட்டையால் அவசர அவசரமாகத் துடைத்தார். மேடைக் கதவை ஒருமுறை பார்த்தார், பிறகு அவளை. அந்தப் பார்வையில் கோபமே இல்லை.

"அவதான் உங்களை அனுப்பினாளா?"