நீதிபதியின் கூந்தல்

வேல்ஸ் நாட்டின் ஆன்மா அதன் சட்டத்தில் வாழ்கிறது. அந்தச் சட்டமோ வெல்ஷ் மொழியில் மட்டுமே மூச்சுவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமைதோறும் இட்வால் ப்ரைஸ் இப்படித்தான் எழுதுவார். ஆங்கிலத்தில்.

"எதிரிக்குப் புரிய வேண்டாமா?" என்பார், யாராவது கேட்டால்.

ஆட்டுச் சந்தை நிலவரத்துக்கும் பழைய டிராக்டர் விளம்பரத்துக்கும் நடுவில் வருகிறது அவருடைய சட்ட விமர்சனம். மேலே அவர் படம். கம்பளித் தொப்பி காதுக்குக் கீழே வரை இழுத்துவிடப்பட்டிருக்கும்.

அன்று, மலைப் பண்ணையில் ஆடு வளர்க்கும் மெயினிரின் நாய் மோட்டுக்குத் தீர்ப்பு.

மோட் பக்கத்துப் பண்ணை ஆடுகளைத் துரத்தியதாக வழக்கு. ஆபத்தான நாய் என்று முடிவானால் கொன்றுவிடுவார்கள். மோட் இல்லாவிட்டால் மலையிலிருந்து மந்தையை இறக்க மெயினிருக்கு வேறு நாதியில்லை. பண்ணையை மூட வேண்டியதுதான்.

எங்கள் நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் வெல்ஷில் பேசலாம். மொழி தெரியாதவர்களுக்காக நான் மூலையில் உட்கார்ந்து மைக்கில் ஆங்கிலத்தை முணுமுணுப்பேன். அவர்கள் குட்டிக் கருவி ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். மாலையில் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

போன வார விசாரணைக்குப் பிறகு அதில் ஒன்று காணாமல் போயிருந்தது.

மாடிப்படியில் இட்வால் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஒண்ணு காணோமாமே, லோவ்ரி? புது நீதிபதியம்மா ரெண்டு காதையும் மூடி முடிய விட்டிருக்காங்களே, எதுக்குன்னு யோசிச்சியா?"

நான் யோசித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

எலெரி போவன் தெற்கிலிருந்து வந்தவர். தனக்கு வெல்ஷ் நன்றாகத் தெரியும், மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வழக்கைக் கையில் எடுத்திருந்தார். அது பொய்யாக இருந்தால் தீர்ப்பே செல்லாது என்று இட்வால் இரண்டு வெள்ளிக்கிழமைகளாக இடித்துக்கொண்டிருந்தார்.

மெயினிர் எழுந்து பேசினாள். நான் மைக்கில் வாயும் நீதிபதியின் கூந்தலில் கண்ணுமாக இருந்தேன்.

ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் நீதிபதி கொஞ்சம் தயங்கினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். யோசிக்கிறாரா, காதில் கேட்கிறாரா?

எனக்கு ஒரு சோதனை தெரியும். எங்கள் நீதிமன்றத்தில் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். முதலில் மொழி தெரிந்தவர்கள். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகு கருவிக்காரர்கள்.

சாட்சி சொன்னவர் கோடைக்கு மட்டும் வந்து தங்கும் ஆங்கிலேயர். தன் வீட்டு ஜன்னலிலிருந்தே மோட்டை அடையாளம் கண்டாராம்.

"அந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா எங்க பாதிரியாரும் நாய் மாதிரிதான் தெரிவாரும்மா," என்றாள் மெயினிர். "அவரையும் கொன்னுருவீங்களா?"

பின்வரிசை குலுங்கியது. பாதிரியாரும் அங்கேதான் இருந்தார்.

நீதிபதி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. இட்வால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், 'பார்த்தாயா' என்பதுபோல். அப்புறம் அவரும் சிரித்தார்.

கடைசியில் நீதிபதி தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினார். வெல்ஷில்தான். எழுதி வைத்துப் படிப்பது யாருக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பாதி படித்துக்கொண்டிருக்கையில் இட்வால் தொப்பியை இழுத்துவிட்டார். பிறகு அழுத்தினார். பிறகு, ஆற்றில் குளித்தவன் காதில் தண்ணீர் புகுந்ததுபோல், உள்ளங்கையால் காதின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கண் கூந்தலில் இருந்தது.

மோட்டைக் கொல்ல வேண்டியதில்லை, பக்கத்துப் பண்ணை வேலியோரம் போகும்போது மட்டும் கயிற்றில் பிடித்துக்கொண்டால் போதும் என்று தீர்ப்பானது.

மெயினிர் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு அவள் தங்கையும் அழுதாள். இட்வால் அவர்களையே பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். பேனாவைத் திறந்தார்.

வெளியே வாசலில் நீதிபதி சைக்கிளில் ஏறுமுன் ரப்பர் பேண்டை எடுத்து முடியை உச்சியில் கட்டினார். இரண்டு காதுகளும் தெரிந்தன. காதுக்கொரு சின்ன வெள்ளித் தோடு. வேறொன்றுமில்லை.

"என்னம்மா, காலையிலேர்ந்து என் தலையையே பாக்குற?" என்றார் நல்ல தெற்கத்தி வெல்ஷில். "பேன் ஏதாச்சும் தெரியுதா?"

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. இட்வாலின் பத்தி வழக்கத்தைவிட நீளம். கறுப்புக் கட்டம் கட்டியிருந்தார்கள்.

'மோட்டுக்கு அஞ்சலி. மொழி அறியாத நீதி ஓர் உயிரைக் குடித்தது. ஒரு தாய் போல அந்தப் பெண் கதறியதை இந்தக் கண்கள் கண்டன.'

மெயினிர் அந்தப் பக்கத்தைத்தான் சமையலறைத் தரையில் விரித்திருந்தாள். மலையிலிருந்து மோட் சேற்றுக் காலோடு வந்திருந்தது. இட்வாலின் தொப்பி மேல் ஒரு பாதத்தை வைத்து, அஞ்சலி மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்த மனுசன் அன்னைக்குக் கோர்ட்டுக்கு வந்தாரா, இல்லையா?" என்றாள் மெயினிர்.

"வந்தாரே. எனக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தாரு."

ராத்திரி பெட்டியில் வைத்துச் சார்ஜ் போடாத கருவி அடுத்த விசாரணையில் பாதியிலேயே நின்றுவிடும்.