இன்னொரு தடவை சொல்லுங்க

"கடவுளே, ஒண்ணாம் ரூம் வரட்டும்!" கணவன் வாய்விட்டே வேண்டிக்கொண்டான்.

ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு இரண்டு அறைகள். ஒன்றாம் அறையில் நம்மாள். இரண்டாம் அறையில் வெள்ளைக்காரி. யாருக்கு எந்த அறை என்பது கம்ப்யூட்டர் கையில்.

அவன் மனைவி நர்ஸ். நர்ஸ் என்பதே பழைய கதைதான். பிறந்த ஊரில் பதினாறு வருஷம் பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்டவள், இங்கே வந்த நாலு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவை அறையில் போர்வை மடிக்கிறாள். மறுபடி வார்டுக்குள் கால் வைக்க இந்தத் தேர்வில் தேற வேண்டும். மூன்று தடவைதான் விடுவார்கள். இது மூன்றாவது.

"போன ரெண்டு தடவையும் உங்களுக்கு நம்மாள் ரூம்தானே அக்கா?" பக்கத்து நாற்காலியிலிருந்த லேப் டெக்னீஷியன் கேட்டாள். அவளுக்கு மதியம்தான் தேர்வு. பயத்தில் காலையிலேயே வந்துவிட்டாள்.

"ஆமா. தங்கமான மனுஷன். 'பதட்டப்படாதீங்கம்மா'ன்னு தமிழ்லயே சொல்வார். நான் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். வாசல் வரைக்கும் வந்து, 'அருமையாப் பேசினீங்க'ன்னு அனுப்பி வைப்பார்."

"அப்புறம் எப்படி ஃபெயில்?"

"என் நாக்குல சனி. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?"

பலகையில் அவள் எண் வந்தது. இரண்டாம் அறை.

"போச்சு," என்றான் கணவன்.

உள்ளே வெள்ளைக்காரி நாற்காலியைக் கையால் காட்டினாள். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டாள். இருமலோடு வந்த நோயாளிக்கு மருந்து சாப்பிடும் முறையை விளக்க வேண்டும்.

நர்ஸ் விளக்கினாள்.

"காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் வெள்ளைக்காரி ஆங்கிலத்தில்.

நர்ஸ் சொன்னாள். அடுத்த கேள்விக்கு நல்லவேளையாக ஒரு தடவையோடு விட்டாள். அதற்கடுத்த கேள்விக்கு மறுபடியும், "காதில் விழவில்லை. இன்னொரு தடவை." நான்காவதற்கு இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள்.

நர்ஸுக்குக் காது சூடானது. நம்ம உச்சரிப்பு இவளுக்கு அவ்வளவு இளக்காரமா? இவள் பாஷையை நான் இவ்வளவாவது பேசுகிறேன். என் பாஷையில் இவளால் ஒரு வார்த்தை பேச முடியுமா?

கோபம் வந்ததும் பயம் போய்விட்டது. குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, யோசித்துச் சொன்னாள். அப்படியும் வெள்ளைக்காரி விடவில்லை. மொத்தம் ஒன்பது தடவை.

வெளியே வந்தவள் நேரே கவுன்ட்டருக்குப் போனாள். பின்னாலேயே கணவனும் ஓடினான்.

"புகார் எழுதணும். ஃபாரம் கொடுங்க."

கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் தமிழ்தான். "யார் மேலம்மா?"

"ரெண்டாம் ரூம்ல இருக்காளே, அவ மேலதான். நம்ம தோலைப் பார்த்தாலே அவளுக்குக் காது அடைச்சுக்குது. கேக்கலை கேக்கலைன்னு ஒன்பது தடவை என்னை அவமானப்படுத்திட்டா."

"விடாதே. நல்லா எழுது," என்றான் கணவன்.

கவுன்ட்டர் பெண் ஃபாரத்தை எடுக்கவில்லை. ஒரு தாளை நீட்டினாள். "ரிசல்ட் வந்துடுச்சு. முதல்ல இதைப் பாருங்க."

தேர்ச்சி.

கணவன் தாளைப் பிடுங்கி மூன்று முறை படித்தான். நர்ஸ் அதைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆனாலும் ரோஷக்காரி.

"பாஸானா மட்டும்? அவமானம் அவமானம்தானே? ஃபாரத்தைக் கொடுங்க."

கவுன்ட்டர் பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "முதல் கேள்விக்கு என்ன சொன்னீங்க?"

"மருந்து ஒரு வேளைக்கு ரெண்டு ஸ்பூன்னு..." நர்ஸ் நிறுத்தினாள். "இல்ல. முதல்ல பதட்டத்துல ரெண்டு பாட்டில்னு உளறிட்டேன். ரெண்டாவது தடவைதான் ஸ்பூன்னு சொன்னேன்."

"மத்த எட்டையும் யோசிச்சுப் பாருங்க."

நர்ஸ் யோசித்தாள். முகம் மெல்ல மாறியது.

"பதில் தப்புன்னு சொல்ல அவங்களுக்கு அனுமதி கிடையாது. உதவி பண்ணவும் கூடாது. காதுல விழலைன்னா மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லலாம். கடைசியாச் சொன்ன பதிலுக்குத்தான் மார்க். ஆறு வருஷமா ரிசல்ட் எடுத்துக் கொடுக்கிறேன், வெளியே வர்றவங்க புலம்புறதையும் கேக்கிறேன். சரியான பதிலை அந்தம்மா திருப்பிக் கேட்டதே இல்லை."

"அப்போ... நம்மாள்?"

"அவருக்கு எல்லாம் முதல் தடவையே நல்லாக் கேட்டுடும்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"புகார் போச்சுன்னா பதிவை ஓடவிட்டுக் கேப்பாங்க. அதுக்கப்புறம் அந்தம்மா இங்க இருக்க மாட்டாங்க," என்றாள் கவுன்ட்டர் பெண். "ஃபாரம் கொடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா."

நர்ஸுக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், லேப் டெக்னீஷியன் நிற்கிறாள்.

"என்னக்கா, அழறீங்களா? அந்த வெள்ளைக்காரி அவ்வளவு மோசமா? எனக்கும் அந்த ரூம் வந்துட்டா என்ன பண்றது?"

நர்ஸ் இரண்டாம் அறையின் மூடிய கதவை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்குக் காது சரியாக் கேக்காதும்மா," என்றாள். "அந்த ரூமே உனக்கும் கிடைக்கணும்னு வேண்டிக்கோ."